நான் எண்ணாத மூச்சுகள்

கொட்டாஞ்சேனையில் என்னைக் காண்கிறவர்கள் எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்கள். "சேவியர், உன்ட மனத் தைரியம்தான் உன்னைக் காப்பாத்தினது." பாண் கடையில் சொல்கிறார்கள், கோயில் வாசலில் சொல்கிறார்கள், தலைமயிர் வெட்டப் போனால் கத்தரிக்கோலைக் காதருகே வைத்துக்கொண்டு சொல்கிறார்கள். முதலில் சிரித்துவிட்டுப் போனேன். பிறகு எரிச்சல் வந்தது. ஊன்றுகோலோடு நடக்கிற எனக்கு ஒவ்வொருவரையும் நிறுத்திவைத்து விளக்கம் சொல்லக் கால் இடம் கொடுக்காது. ஆகவே எழுதிவைக்கிறேன். விரல்கள் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. ஒரு பக்கம் எழுதி முடிப்பதற்குள் மூன்று தடவை பேனை விழுகிறது. விழட்டும்.

என் தைரியம் என்னைக் கொல்லப் பார்த்தது. அந்தக் கதைதான் இது.

நான் துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து கிரேன் இறக்கும் மூட்டைகளையும் பெட்டிகளையும் பக்கத்தில் நின்று எண்ணி, தாளில் குறித்து, கடைசியில் கையெழுத்து வைப்பது என் வேலை. இருபத்திரண்டு வருடம் அதைத்தான் செய்தேன். சீனி, மா, சீமெந்து என்று எது இறங்கினாலும் நான் எண்ணினால் எண்ணினதுதான். கப்பல்காரர் ஒரு தொகை சொல்வார், களஞ்சியக்காரர் இன்னொரு தொகை சொல்வார், கடைசியில் இரண்டு பேரும் என் தாளைத்தான் பார்ப்பார்கள். நானே நின்று எண்ணாத சரக்குக்கு நான் கையெழுத்து வைக்கமாட்டேன். பெரியவர் சொன்னாலும் சரி, கப்பல் புறப்படுகிறது என்றாலும் சரி. இந்தப் பிடிவாதத்தால் இரண்டு தடவை பதவி உயர்வு கைவிட்டுப் போனது. அதையும் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கடவுள் விஷயத்திலும் அப்படித்தான். செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்தோனியார் கோயிலுக்குப் போவேன், மெழுகுதிரி கொளுத்துவேன். ஆனால் அது மேலதிகாரி வீட்டுக்கு நத்தார்ப் பண்டிகைக்குக் கேக் அனுப்புவது போன்ற ஒரு மரியாதை. மற்றபடி என் காரியங்களை நான் பார்த்துக்கொள்வேன். என் மனைவி றெஜினா வேறு மாதிரி. அவள் யாழ்ப்பாணத்தில் குருநகர்க்காரி. அவள் பிறந்த வீடு குண்டில் போனது. அதற்குப் பிறகும் அவள் ஒவ்வொரு மாலையும் செபமாலையைக் கையில் எடுத்தது எனக்கு விளங்கவேயில்லை. "உனக்குக் கடவுளில கோவமே வராதா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வரும். அதையும் அவரிட்டத்தான் சொல்லுறனான்" என்றாள்.

வருத்தம் உடம்புக்குள் வந்த விதம் இதுதான். முதலில் நாலு நாள் வயிற்றோட்டம். அது நின்று இரண்டு கிழமை கழித்துக் கால்விரல்களில் எறும்பு ஊர்வது போல ஒரு கூச்சம். சப்பாத்து இறுக்கம் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் கப்பலின் தொங்குபடியில் ஏறும்போது கால் எழும்பவில்லை. கயிற்றைப் பிடித்துக் கையால் உடம்பை இழுத்துக்கொண்டு ஏறினேன். "வயசு போகுது அண்ணே" என்று கீழே நின்றவர்கள் பகிடி பண்ணினார்கள். ஒருவருக்கும் சொல்லவில்லை. நடந்தால் சரியாகிவிடும் என்று அன்று பின்னேரம் துறைமுகத்திலிருந்து வீட்டுக்கு நடந்தே போனேன். இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டத் தோன்றுகிறது.

அந்த ஞாயிறு, வெள்ளவத்தையில் இருக்கும் றெஜினாவின் தங்கை வீட்டுக்குப் புறப்பட்டோம். நான், றெஜினா, மகள் டிலானி. கொள்ளுப்பிட்டியில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். அது புதிதில்லை. அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்க எல்லோருக்கும் பழகிப்போயிருந்தது. என் முறை வந்ததும் சிப்பாய் கைகளை உயர்த்தச் சொன்னான். உயர்த்தினேன். கைகள் நெஞ்சு வரை வந்து நின்றுவிட்டன. அவன் மறுபடியும் சொன்னான், சத்தமாக. நான் மறுபடியும் முயன்றேன். வரவில்லை. சட்டைக்குள் எதையோ மறைக்கிறேன் என்று நினைத்திருக்கவேண்டும். இரண்டடி பின்னால் போய்த் துவக்கை நிமிர்த்தினான். வரிசையில் நின்றவர்கள் விலகி ஓடினார்கள். அவ்வளவு பயம் அதற்கு முன் எனக்கு வந்ததில்லை. "லெட, மாத்தயா, லெட!" என்று றெஜினா கத்தினாள். வருத்தக்காரர் ஐயா என்று சிங்களத்தில் கெஞ்சினாள். அதற்குள் என் முழங்கால் மடிந்து நான் தார் ரோட்டில் விழுந்துவிட்டேன். சிப்பாய் கிட்ட வந்து சட்டையைத் தூக்கிப் பார்த்தான். ஒன்றும் இல்லை. பிறகு அவனே ஒரு ஓட்டோவை மறித்து என்னைத் தூக்கி ஏற்றினான். இருபது வயதுகூட இருக்காது. 

அரசாங்க ஆஸ்பத்திரியில் வெளிநோயாளர் வாங்கில் ஐந்து மணி நேரம் இருந்தோம். இருந்தோம் என்று சொன்னாலும் நான் சரிந்து சரிந்து விழுந்தேன். ஒரு பக்கம் றெஜினாவும் மறு பக்கம் டிலானியும் தோளால் முட்டுக்கொடுத்தார்கள். பதினாறு வயதுப் பிள்ளையின் தோளில் தகப்பன் சாய்வது எனக்கு வெட்கமாக இருந்தது. "தள்ளி இரு, நான் நிமிர்ந்து இருப்பேன்" என்று அவளை அதட்டினேன். அவள் தள்ளி இருந்தாள். நான் வாங்கிலிருந்து விழுந்தேன்.

உள்ளே எடுத்த பிறகு இறப்பர் சுத்தியலால் முழங்காலில் தட்டினார்கள். தட்டினால் கால் துள்ளவேண்டும். என் கால் விறகுக்கட்டை போலக் கிடந்தது. அடுத்த நாள் முதுகில் ஊசி போட்டு, முள்ளந்தண்டுக்குள் இருக்கும் நீரை எடுத்தார்கள். முழங்காலும் நாடியும் ஒட்டும்படி ஒருக்களித்து வளைந்து கிடக்கவேண்டும். வலி பெரிதில்லை, அசையக்கூடாது என்பதுதான் பெரிது. ஊசிக்குப் பயந்து நடுங்கக்கூட உடம்பில் பலம் இல்லாமல் நான் நன்றாகவே அசையாமல் கிடந்தேன்.

செவ்வாய்க்கிழமை பெரிய டொக்டர் கட்டிலைச் சுற்றி மாணவர்களை நிறுத்திவைத்து விளக்கினார். அதை எனக்குத் தமிழில் சொன்னவர் டொக்டர் நில்மினி என்ற இளம் பெண். வவுனியாவில் ஒரு வருடம் வேலை செய்து கொஞ்சம் தமிழ் படித்தவர். வயிற்றோட்டத்தைக் கொண்டுவந்த கிருமியோடு சண்டை பிடித்த உடம்பின் காவல்படை, சண்டை முடிந்தும் திரும்பிப் போகாமல் என் நரம்புகளையே தாக்குகிறதாம். மின்சாரக் கம்பியைச் சுற்றி இறப்பர் உறை இருப்பதுபோல நரம்புக்கும் உறை உண்டு. அந்த உறையைத் தின்கிறது. காலில் தொடங்கி மேலே ஏறும். பிறகு தானாகவே நிற்கும், மெல்ல மெல்ல இறங்கும்.

"எவ்வளவு மேலே ஏறும்?" என்று கேட்டேன்.

"அதுதான் அங்கிள் பாக்கணும்" என்று தன் நெஞ்சில் கையை வைத்துக் காட்டினார். "இங்க வந்தா மூச்சு எடுக்க ஏலாது. அப்ப மெஷின் வைப்போம். பயப்பட வேணாம்."

பயப்பட வேண்டாம் என்று டொக்டர்கள் சொன்னால் அதற்கு அர்த்தம் எனக்குத் தெரியும். அன்று தொடக்கம் ஒரு மருந்தைச் சேலைனோடு ஏற்றினார்கள். ஐந்து நாள் ஏறவேண்டும். மருந்து வேலை செய்யத் தொடங்குவதற்குள் வருத்தம் எங்கே வந்து நிற்கும் என்பதுதான் கேள்வி. படுத்திருந்தபடி நான் என் உடம்பைக் காவல் காத்தேன். இன்று தொடை, இன்று இடுப்பு, இன்று முழங்கை. கால்பக்கம் நுளம்பு இருந்தால் தெரியும், அடிக்க முடியாது. மூக்கு அரித்துக் கடித்தால் நேர்ஸ் வரும்வரை கடிக்கும். உடம்பு அசையாமல் கிடக்க, உள்ளே நான் ஓடிக்கொண்டே இருந்தேன். மேலே மின்விசிறியின் சுற்று, யன்னல் கம்பிகள், சேலைன் சொட்டு என்று எது கண்ணில் பட்டாலும் எண்ணினேன். ஒரு நிமிடம் சும்மா கிடக்க முடியவில்லை.

மூச்சின் பலத்தை அளக்க ஒரு சின்னக் கருவி உண்டு. குழாயை வாயில் வைத்து ஊதவேண்டும். ஆனால் அதற்குள் என் உதடுகள் சரியாக மூடவில்லை. ஊதினால் காற்றுப் பக்கத்தால் போனது. ஆகவே டொக்டர் நில்மினி பழைய முறைக்குப் போனார். ஒரு முழு மூச்சை இழுத்து, அது முடியும்வரை ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணவேண்டும். சுகதேகி நாற்பது வரை எண்ணுவார். எண்ணிக்கை பதினைந்துக்குக் கீழே வந்தால் மெஷின். காலையிலும் மத்தியானத்திலும் பின்னேரத்திலும் வந்து கேட்டுக் கட்டில் அட்டையில் எழுதுவார்.

இருபத்திரண்டு வருடம் எண்ணியே சாப்பிட்டவனிடம் வந்து எண்ணச் சொன்னால் எப்படி இருக்கும்! முதல் நாள் முப்பத்தொன்று எண்ணினேன். அது உண்மையான முப்பத்தொன்று.

எங்கள் வார்டின் மூலைக் கட்டிலில் ஒருவர் மெஷினில் இருந்தார். தொண்டையில் துளை, துளையில் குழாய், குழாயின் மறு முனையில் பெருமூச்சு விடும் ஒரு பெட்டி. அவருக்கு என்ன வருத்தம் என்று எனக்குத் தெரியாது. கண் மட்டும் அசையும். புதன்கிழமை காலை அந்தப் பெட்டியின் சத்தம் நின்றது. மறைப்புத் துணியை இழுத்துவிட்டார்கள். அரை மணித்தியாலத்தில் கட்டில் வெறுமையாகி, பிளாஸ்டிக் மெத்தையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். மெஷினுக்குப் போனால் நான் அப்படித்தான் போவேன் என்று எனக்குள் ஒரு முடிவு விழுந்தது. அன்று மத்தியானம் டொக்டர் நில்மினி வந்தபோது என் உண்மையான எண்ணிக்கை பத்தொன்பதில் முடியும் என்று எனக்கே தெரிந்தது.

நான் களவு எண்ணினேன்.

கப்பலில் வேகமாக மூட்டை இறங்கும்போது நாங்கள் எண்களை விழுங்கி விழுங்கி ஓட்டமாகச் சொல்வோம். அப்படி ஓட்டினேன். டொக்டர் நில்மினிக்கு மெல்ல, ஆறுதலாகச் சொன்னால்தான் தமிழ் எண் பிடிபடும். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். நான் பன்னிரண்டிலிருந்து பதினைந்துக்குத் தாவினேன், பதினைந்திலிருந்து பத்தொன்பதுக்கு. "இருபத்தெட்டு! நல்லது அங்கிள்!" என்று அவர் சந்தோஷத்தோடு எழுதினார். ஒரு மூட்டை குறைந்தாலும் கப்பலையே மறித்து நிறுத்துகிற நான், என் சொந்த மூச்சில் ஒன்பதைக் கூட்டிச் சொன்னேன். வெட்கமில்லை. கெட்டித்தனம் என்றே நினைத்தேன். இன்னும் இரண்டு நாள் இப்படித் தாக்குப்பிடித்தால் மருந்து பிடித்துவிடும், என் பலத்தில் நானே தப்பிவிடுவேன். அதுதான் என் திட்டம்.

அந்த நேரத்தில்தான் றெஜினா எங்கள் பங்கின் புதுப் பாதரை அழைத்துக்கொண்டு வந்தாள். மன்னார்ப் பக்கத்தவர், இருபத்தெட்டு வயது, குருப்பட்டம் பெற்று ஒரு வருடம்கூட ஆகவில்லை. கையில் ஒரு சின்னப் பை. அதில் எண்ணெய் இருக்கிறது என்று பார்த்ததுமே தெரிந்தது. நோயாளிகளுக்கு நெற்றியிலும் கையிலும் எண்ணெய் பூசிச் செபிப்பது எங்கள் வழக்கம். சுகம் கேட்டுத்தான் பூசுவது என்று பாதர்மார் எத்தனையோ தடவை பிரசங்கத்தில் சொல்லிவிட்டார்கள். கொட்டாஞ்சேனையில் ஒருவரும் நம்புவதில்லை. எண்ணெய் வந்துவிட்டால் அடுத்தது சவப்பெட்டி என்றுதான் எங்கள் கணக்கு. வீட்டில் ஒருவர் உயிர் இழுத்துக்கொண்டு கிடந்தாலும் பாதரைக் கூப்பிட்டால் பயந்துவிடுவார் என்று கூப்பிடமாட்டார்கள்.

"எண்ணெயோட கிட்ட வராதீங்க" என்றேன். "நான் இன்னும் சாகல்ல."

"அண்ணன், இது சாகிறதுக்கு இல்ல..."

"போங்க பாதர். எனக்கு என்னைப் பாத்துக்கொள்ளத் தெரியும்."

அவர் முகம் சிவந்து போனது. றெஜினா பாதரை வாசல்வரை விட்டுவிட்டு வந்து, பிளாஸ்க்கிலிருந்து கஞ்சியை ஊற்றி, கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினாள். விழுங்க முடியாமல் கடைவாயால் வழிந்ததைத் துடைத்தாள். பிறகு என் வலக்கையைத் தூக்கி நெற்றிக்கும் நெஞ்சுக்கும் இரண்டு தோளுக்கும் கொண்டுபோய்ச் சிலுவை அடையாளம் போட்டுவிட்டாள். என் கையை இன்னொருவர் தூக்கிப் போடுவது எனக்குப் பிடிக்கவில்லை. கையை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை.

வியாழக்கிழமை உண்மை எண்ணிக்கை பதின்மூன்று. அட்டையில் இருபத்தைந்து. வெள்ளிக்கிழமை காலை உண்மையில் பத்து. அட்டையில் இருபத்திரண்டு. ஒரு வசனம் பேச இரண்டு தடவை மூச்சு வாங்கவேண்டியிருந்தது. "குரல் சின்னதா இருக்கே அங்கிள்" என்று டொக்டர் சந்தேகமாகப் பார்த்தார். "நித்திரை... இல்ல" என்று சமாளித்தேன்.

அன்று மத்தியானம் பார்வையாளர் நேரத்துக்கு றெஜினா வந்தாள். பாதரும் வந்திருந்தார். எண்ணெய்ப் பை இல்லை, அல்லது ஒளித்துவைத்திருந்தார். கட்டிலிலிருந்து கொஞ்சம் தள்ளி, அடி வாங்கின பிள்ளை மாதிரி நின்றார். அவர்கள் வந்து பத்து நிமிடம் இருக்காது, எங்கேயோ ஒரு பெரிய சத்தம். யன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. வார்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். குண்டு. எங்கே, எந்தப் பக்கம், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வந்துவிட்டார்களா. டிலானி வெள்ளவத்தையில் சித்தி வீட்டில் இருந்தாள். அந்தப் பக்கம் இல்லை என்று ஒரு சிற்றூழியர் சொன்னதும் றெஜினா சுவரைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அம்புலன்ஸ் சத்தம் ஓயாமல் வந்தது. ஆஸ்பத்திரிக் கதவுகளை மூடினார்கள். வீதிகளையும் மூடிவிட்டதாகச் சொன்னார்கள். வந்தவர்கள் வந்த இடத்திலேயே நிற்கவேண்டியதுதான்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. காயப்பட்டவர்கள் வருவார்கள். டொக்டர்கள் எல்லோரும் கீழே ஓடுவார்கள். என் அட்டையில் இருபத்திரண்டு என்று இருக்கிறது. இருபத்திரண்டு உள்ளவனை ஒருவரும் வந்து பார்க்கமாட்டார்கள். மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். எட்டில் மூச்சு முடிந்தது.

தனியாகப் பயப்பட என்னால் முடியவில்லை. "பாதர்" என்று கூப்பிட்டேன். "பாவசங்கீர்த்தனம்... செய்யணும்."

றெஜினா எழுந்து தள்ளிப் போனாள். பாதர் குனிந்து காதை என் வாய்க்கருகே வைத்தார். பெரிய பாவங்கள் சிலவும் இருந்தன, அவற்றை விட்டுவிட்டேன். மூச்சு அவ்வளவுக்குத்தான் இருந்தது. "டொக்டருக்கு... பொய்யா எண்ணினேன். மூணு நாளா. எட்டுத்தான்... வருது. பதினஞ்சுக்குக் கீழ போனா... மெஷின்."

பாதர் நிமிர்ந்தார். அவர் முகத்தில் இரத்தம் இல்லை. வாசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். டொக்டர் நில்மினி அந்த நேரம் ஒரு தட்டோடு வார்டைக் கடந்து ஓடினார். பாதரின் வாய் திறந்தது, மூடியது.

"அண்ணன்" என்றார் மெல்ல. "இதை நான் யாருக்கும் சொல்ல ஏலாது. டொக்டருக்கும் ஏலாது, உங்க மனுசிக்கும் ஏலாது. பாவசங்கீர்த்தனத்தில கேட்டது. உங்களுக்குத் தெரியும்தானே?"

தெரியும். ஒருவேளை தெரிந்துதான் அவரிடம் சொன்னேன். சொன்ன மாதிரியும் இருக்கும், வெளியில் போகவும் போகாது.

"எண்ணெய்... பூசுங்க" என்றேன். "கடவுள்... பாத்துக்கொள்வார்."

"பூசுறன். கடவுள் பாத்துக்கொள்வார்தான். ஆனா நீங்க அவரை விடுறீங்களா? மூணு நாளா அட்டையில அவருக்கும் சேத்துத்தானே பொய் எழுதுறீங்க?" அவர் குரல் உடைந்தது. "அண்ணன், எனக்குப் பயமா இருக்கு. நீங்க இப்பிடியே செத்தா, இதை நெஞ்சில வச்சுக்கொண்டு நான் வாழ்க்கை முழுக்க எப்பிடி இருக்கிறது? உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன். நீங்களே சொல்லுங்க."

ஒரு பாதர் எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்லி நான் கேட்டதில்லை. என்னுடைய பெரிய மனிதன் விளையாட்டை அதற்குமேல் விளையாட எனக்கும் தெம்பில்லை. என்னால் இது ஏலாது. எந்த மூட்டையையும் தூக்க ஏலாது, எண்ணவும் ஏலாது. கண் கலங்கியது. துடைக்கவும் கை இல்லை.

"றெஜினா" என்றேன். "டொக்டரை... கூப்பிடு."

டொக்டர் நில்மினி வந்தபோது அவர் வெள்ளைக் கோட்டின் கை முழுக்க யாரோ ஒருவருடைய இரத்தம். "என்ன அங்கிள்? கெதியா சொல்லுங்க."

"பொய்... எண்ணினேன். திரும்ப... எண்ணுறேன்." ஒன்று, இரண்டு என்று, தாவாமல், ஆறுதலாக எண்ணினேன். ஏழில் முடிந்தது.

அவர் ஒரு கணம் அட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஏன் அங்கிள்?" என்று மட்டும் கேட்டார். கண்ணில் தண்ணீர் நின்றது. கோபமா கவலையா தெரியவில்லை, இரண்டுக்கும் எனக்குத் தகுதி இருந்தது. அடுத்த நிமிடம் அவர் கத்திய கத்தலில் இரண்டு நேர்ஸ்மார் ஓடிவந்தார்கள்.

மெஷின் இல்லை. இருந்த எல்லாவற்றையும் காயப்பட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். வேறு ஆஸ்பத்திரியிலிருந்து எடுக்கவேண்டும், வீதி திறக்கவேண்டும். ஒரு மருந்தைப் போட்டு என்னை மயக்கி, வாயால் மூச்சுக் குழாயை இறக்கினார்கள். கண் விழித்தபோது அந்தக் குழாயின் முனையில் ஒரு பை இருந்தது. தேங்காய் அளவு இறப்பர்ப் பை. அதைக் கையால் அழுத்தினால் காற்று என் நெஞ்சுக்குள் போகும். விட்டால் வெளியே வரும். மெஷின் வரும்வரை யாராவது அதை அழுத்திக்கொண்டே இருக்கவேண்டும். நேர்ஸ்மாருக்கு வேறு ஐம்பது பேர் காத்திருந்தார்கள்.

"நான் செய்யிறன். காட்டுங்கோ" என்றாள் றெஜினா.

அழுத்து, விடு, மெதுவாக ஐந்து எண்ணு, மறுபடி அழுத்து என்று நேர்ஸ் செய்துகாட்டிவிட்டு ஓடினாள். றெஜினாவுக்குப் பதற்றத்தில் ஐந்து எண்ண வரவில்லை. மூன்றிலேயே அழுத்தினாள், பிறகு ஏழு ஆனது. அப்போது பாதர் கட்டிலின் மறு பக்கத்தில் நின்று, புனிதர்களின் மன்றாட்டு மாலையைத் தொடங்கினார். அவர் ஒரு புனிதரின் பெயரைச் சொல்வார், றெஜினா "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று சொல்லிக்கொண்டே அழுத்துவாள். சரியாக ஐந்து விநாடி. அவள் கை ஓய்ந்தபோது பாதர் பையை வாங்கினார், அவள் பெயர்களைச் சொன்னாள். பக்கத்துக் கட்டில்காரரின் தம்பி, தெஹிவளையில் பேக்கரி வைத்திருக்கும் சிங்களவர், அவரும் உள்ளே மாட்டுப்பட்டிருந்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "தென்ன, மல்லி" என்று பாதரிடம் கையை நீட்டினார். தா தம்பி என்று. அவருக்குப் புனிதர்கள் தெரியாது. "எக்க, தெக்க, துன" என்று தன் மொழியில் எண்ணி அழுத்தினார். மா பிசைந்து பழகின கை. காற்று நன்றாகவே வந்தது.

நான் என்ன செய்தேன்? எண்ணினேன். வேறு எதுவும் தெரியாதவன். ஒரு அழுத்தம், இரண்டு அழுத்தம். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் நடுவில் ஒரு இடைவெளி வரும். அந்த இடைவெளியில் நெஞ்சு சும்மா கிடக்கும். அடுத்தது வருமா வராதா என்பது என் கையில் இல்லை. றெஜினா தும்மினால், பாதர் கண் அயர்ந்தால், பேக்கரிக்காரர் அலுத்துப்போனால் நான் முடிந்தேன். உள்ளுக்குள் எல்லோரையும் ஏசினேன். கவனம், இப்போது, அழுத்து, பிந்திப்போச்சு. நூறு வந்தது, இருநூறு வந்தது. ஒன்றும் விடாமல் எண்ணினால்தான் உயிரோடு இருப்பேன் என்று ஒரு பிடி. நானூற்றுச் சொச்சத்தில் றெஜினாவின் முகத்தைப் பார்த்தேன். வியர்வையில் முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. அவள் என்னைப் பார்க்கவில்லை, பையையும் பார்க்கவில்லை. எங்கேயோ பார்த்துக் கதைத்துக்கொண்டிருந்தாள். கோபமாகத்தான் கதைத்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

அப்போது நானும் சொன்னேன். வாயில் குழாய், சத்தம் இல்லை. அழகான செபமும் இல்லை. ஆண்டவரே, எனக்கு ஏலாது. நீர் பாரும். அவ்வளவுதான். வாழ்க்கையில் முதல் தடவை அவரிடம் ஒரு வேலையை ஒப்படைத்துவிட்டு, பின்னால் நின்று மேற்பார்வை பார்க்காமல் இருந்தேன். அடுத்த அழுத்தம் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. அது எத்தனையாவது என்று எனக்குத் தெரியவில்லை. யன்னலில் இன்னும் பின்னேர வெயில் இருந்தது. நான் நித்திரையாகிவிட்டேன்.

மெஷின் அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு வந்ததாம். அதுவரை மூன்று பேரும் மாறி மாறி அழுத்தியிருக்கிறார்கள், இடைக்கிடை சிற்றூழியர்களும். பிறகு நான் பயந்தபடியே தொண்டையில் துளை போட்டார்கள். பயந்தபடியே பெட்டி பெருமூச்சு விட்டது. நான் சாகவில்லை. கிழமைகள் போனபின் வலது பெருவிரல் ஒருநாள் துடித்தது. டொக்டர் நில்மினி அதைப் பார்த்துக் கைதட்டினார். மெஷினை எடுத்துத் தொண்டைத் துளை ஆறிய பிறகு அவர் என்னை மறுபடியும் எண்ணச் சொன்னார், இம்முறை சிங்களத்தில். "தமிழ்ல எண்ணினா நான் நம்ப மாட்டன் அங்கிள்" என்றார். வார்டே சிரித்தது. எண்ணெயும் பூசிக்கொண்டேன். பாதர் பூசும்போது அவருக்குத்தான் அதிகம் சுகம் கிடைத்ததுபோல இருந்தது.

வீட்டுக்கு வந்து மூன்று மாதம். போன கிழமை துறைமுகத்திலிருந்து கூட்டாளிகள் வந்தார்கள். "இரும்பு மனுசன் சேவியர்" என்று தொடங்கினார்கள். றெஜினா தேத்தண்ணியோடு வந்தாள். கோப்பையை நீட்டிய அவள் வலக்கையின் பெருவிரல் அடியில் தோல் உரிந்து ஆறிய தழும்பு இன்னும் மறையவில்லை.  

அவர்கள் போன பிறகு டிலானி கொப்பித் தாள் ஒன்றோடு வந்தாள். பதினேழு மணித்தியாலம், ஐந்து விநாடிக்கு ஒன்று என்று பெருக்கிப் பார்த்திருக்கிறாள். "அப்பா, மொத்தம் எத்தினை மூச்சு தெரியுமா?" என்று தாளை என் முன்னால் வைத்தாள்.

நான் தொகையைப் பார்க்கவில்லை. பேனையை எடுத்தேன். ஒரு தடவை விழுந்தது, டிலானி எடுத்துத் தந்தாள். நான் எண்ணாத அந்தத் தாளின் அடியில் கோணலாகக் கையெழுத்து வைத்தேன்.